யார்டு மாஸ்டர் கடைசியாக இறங்கட்டும்

வேபர்ன், சஸ்காட்சுவான்
செப்டம்பர் 12

அன்பு மருமகள் லெனோராவுக்கு,

உன் அம்மாவின் ஒரே அண்ணனும், வேபர்ன் ரயில்வே யார்டின் முன்னாள் சக்கரவர்த்தியுமாகிய வெண்டெல் மாமா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று மறைந்த உன் பெரில் அத்தையின் தேநீர்க் கெட்டில் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பாதே. நம்பினால் எனக்குத்தான் அவமானம். இத்தனை வருஷம் புளுகிப் பழகியது வீணாகிவிடும்.

கதை இதுதான். எந்தக் கடலும் எட்டிப் பார்க்காத இந்தக் கோதுமைக் காட்டில், என் வீட்டுக் கூடத்தில், நான் ஒரு கடலை உண்டாக்கியிருக்கிறேன்.

போன ஜனவரியில் நீ புறப்பட்ட அவசரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டுப் போனாய் அல்லவா? அது நிலவறையில் வெறுமனே கிடந்தது. மேலே தூக்கி வந்தேன். ரெஜைனா வரை போய் உப்பும் மணலும் கல்லும் வாங்கினேன். உப்புத் தண்ணீர் ஊற்றிய கையோடு மீன் விடக் கூடாதாம். கடைக்காரர் டுவெய்ன் சொன்னார்: "பெரியவரே, பச்சை இறால் ஒண்ணப் போட்டு அழுக விடுங்க. அந்த அழுகலத் திங்கிற கண்ணுக்குத் தெரியாத ஜீவராசி கல்லு பூரா குடியேறணும். அதுக்கு முன்னாடி மீன விட்டீங்கன்னா, அது தன் மூத்திரத்துலயே செத்துப் போகும்."

அழுக விட்டேன். அந்த வாசம் மானிட்டோபா எல்லையைத் தாண்டிப் போய் அங்கே ஒரு மாடு மயங்கி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தை நாலு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தார். ஒரு கடற்புறா என் கூரையில் வந்து இறங்கி, வழி தவறிவிட்டோமோ என்று வெகு நேரம் யோசித்தது. பக்கத்து வீட்டு வேரா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"வெண்டெல், உண்மையச் சொல்லு. உள்ள யாரு செத்துக் கிடக்கா?"

"ஒரு இறால்."

"ஒரு இறாலுக்கா இத்தன நாளாத் துக்கம் காக்குற?"

இப்போது வாசம் போய்விட்டது. சோதனைக் குழாயில் அம்மோனியா பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. நைட்ரைட்டும் ஊதாவிலிருந்து நீலத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் பக்குவம். கல் இருக்கிறது, மணல் இருக்கிறது, பாசி தின்ன இரண்டு நத்தை இருக்கிறது. குடியிருக்கத்தான் ஆள் இல்லை. யாரை முதலில் விடுவது, யாருக்கு யார் ஒத்துப்போவார்கள்? இது உன் தொழில். சொல்.

போனில் கேட்டிருப்பேன். நீ எடுப்பதில்லை. குறை சொல்லவில்லை. உன் போனில் செய்தி பதியும் இயந்திரத்தில் நான் பேசுவது தெருமுனை வரை கேட்கிறது என்று வேரா சொல்கிறாள். அதனால்தான் கடிதம்.

உன்
வெண்டெல் மாமா


நனைமோ, வான்கூவர் தீவு
செப்டம்பர் 24

மாமா,

கடிதம் வந்தது. மாட்டை நம்பவில்லை. இறாலை நம்புகிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் முடிக்கலாம். இதோ, முடித்துவிட்டேன்.

தொட்டி விஷயம். சாதுவான மீன் முதலில், முரட்டு மீன் கடைசியில். எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கக் கூடாது. நான் பார்த்துக்கொள்ளும் பல் மருத்துவமனைத் தொட்டிகள் எல்லாவற்றிலும் இப்படித்தான் செய்கிறேன். முதலில் ஒரு நெருப்புவால் வாங்குங்கள். முன்பாதி பால் வெள்ளை, பின்பாதி தணல் நிறம். யார் வம்புக்கும் போகாது. ஆனால் பயந்த சுபாவம். மிரண்டால் துள்ளி வெளியே விழும். மூடி போடுங்கள். அது தன் பொந்தைக் கண்டுபிடித்து, தைரியமாக வெளியே வந்து தீனி எடுக்கிற வரை பொறுங்கள். அதற்குப் பிறகு கோமாளி மீன் ஒரு ஜோடி. அந்தத் தொட்டிக்கு அது போதும்.

நீல டாம்சல் மட்டும் வாங்காதீர்கள். கடையில் பார்க்க மிக அழகாக இருக்கும். வாங்காதீர்கள்.

தொட்டி என்னுடையது. வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அதில் தண்ணீரை ஊற்றிவிட்டீர்கள். இனி எப்படிக் கேட்பது?

லெனோரா


வேபர்ன்
செப்டம்பர் 26

அன்பு மருமகளே,

உன் பதில் இன்னும் வரவில்லை. நான் பொறுமையின் சிகரத்தில் ஏறி நின்று, குளிர் தாங்காமல் இறங்கிவிட்டேன். வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு எத்தனை வேளை சாப்பிடுவது? நத்தை பேச்சுத் துணைக்கு ஆகாது. மூன்று நாளைக்கு முன்பு ரெஜைனாவுக்குப் போனேன்.

நூறு தொட்டி, லெனோரா. நான் நுழைந்ததும் என் கம்பீரத்தில் மிரண்டு, ஒரு சுறா உட்பட அத்தனை மீனும் கல்லுக்குள் ஓடி ஒளிந்தன. ஒன்று மட்டும் ஓடவில்லை. கட்டைவிரல் நீளம், மின்னல் மாதிரி நீலம். நேரே கண்ணாடிக்கு வந்து, மூக்கை ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. "வெண்டெல், இத்தன நாளா எங்கய்யா போயிருந்த?" என்று கேட்டது. கேட்டதோடு நில்லாமல், எகிறி என் தொப்பிக்குள் குதித்தது.

டுவெய்ன் தலையில் கைவைத்தார். "அது வேணாம் பெரியவரே. நீல டாம்சல். பேட்டை ரவுடி."

"நானுந்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய பதவியையே பெயராக வைத்தேன்: யார்டு மாஸ்டர். முதல் நாளே ஒவ்வொரு பொந்தையும் தணிக்கை செய்தான். நடுவில் வளைவாக நிற்கும் கல்லுக்கு அடியில் அலுவலகம் திறந்தான். நத்தை எந்தத் தடத்தில் நகர வேண்டும் என்று மூக்கால் தள்ளிக் காட்டுகிறான். நாற்பது வருஷம் ரயில் பெட்டிகளுக்கு நிற்கும் இடம் சொன்ன எனக்கு, தொழில் தெரிந்தவனைப் பார்த்தால் தெரியாதா? காலையில் நான் கூடத்துக்கு வந்தால் கண்ணாடியோரம் கூடவே நீந்தி வருகிறான்.

கடலுக்கு ஆள் வந்தாயிற்று. உன் யோசனையை இனி நிதானமாக அனுப்பலாம்.

வெண்டெல் மாமா


நனைமோ
அக்டோபர் 6

மாமா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உலகத்தில் உள்ள மீன்களில் நான் வேண்டாம் என்று எழுதிய ஒரே மீனை வாங்கியிருக்கிறீர்கள்.

அவன் கெட்டவன் இல்லை. முதலில் வந்துவிட்டான், அவ்வளவுதான். முதலில் வந்தவனுக்குத் தொட்டி முழுக்க வீடு. அவனுக்குப் பின்னால் வருகிற யாரும் குடித்தனக்காரர் இல்லை, திருடர். அதனால்தான் அந்த ஜாதியைக் கடைசியில் விடுகிறோம், அல்லது விடுவதே இல்லை.

கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கொடுத்துவிடுங்கள். அவனை வைத்துக்கொண்டு வேறு மீன் வாங்காதீர்கள்.

பெயர் நீங்கள் வைத்தது. நான் வைக்கவில்லை.

லெனோரா


வேபர்ன்
அக்டோபர் 21

அன்பு மருமகளே,

நீ சொன்னதைச் செய்தேன். முக்கால்வாசி செய்தேன். சரி, பாதி.

யார்டு மாஸ்டரை மூடி போட்ட வாளியில் வைத்து ரெஜைனாவுக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் அழுதான். அழுத கண்ணீரில் வாளியின் தண்ணீர் மட்டம் ஏறி, வண்டிக்குள் என் பூட்ஸ் நனைந்தது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி யோசித்தேன். பிறகு உள்ளே போய், அவனைக் கொடுப்பதற்குப் பதில், நீ முதலில் வாங்கச் சொன்ன நெருப்புவாலை வாங்கிவந்துவிட்டேன். சாதுவும் முரடனும் சேர்ந்தால் சராசரிக்கு இரண்டு நல்ல மனிதர் கிடைப்பார்கள் என்பது என் கணக்கு.

இனி வருவது வீரகாவியம். தொட்டியின் மூலையில், குழாய் போகிற இடத்தில், மூடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. நெருப்புவால் அந்த விரல் இடைவெளி வழியாகக் கிளம்பி, கூரையைத் தொட்டு, விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி, ஊர் முழுக்க வானவேடிக்கை என்று நினைக்கும்படி பறந்து, உன் அத்தையின் நாற்காலிக்கு அடியில் கம்பளத்தில் வீழ்ந்தது. காலையில்தான் பார்த்தேன். அரசு மரியாதையோடு தோட்டத்தில் அடக்கம். இருபத்தொரு பீரங்கி முழங்கியது. வேரா உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகியோடு வந்தாள்.

"மீனுக்குக் கருமாதியா?"

"ஆமா."

"அப்ப இன்னும் ரெண்டு வச்சுச் சாப்பிடு. வாடிப் போயிருக்க."

ஒன்று சொல்கிறேன். அது வந்த நாளிலிருந்து குழாய்க்குப் பின்னாலேயேதான் நின்றது. போட்ட தீனியில் ஒரு துணுக்கைக்கூட அதை எடுக்க அவன் விடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

வெண்டெல் மாமா


நனைமோ
நவம்பர் 3

மாமா,

விளையாட்டு இல்லை. அந்த மீன் சாகசம் செய்யவும் குதிக்கவில்லை. நிற்க ஒரு மூலை கிடைக்காவிட்டால், மேலே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் அது வாசல்தான். மறுபக்கம் தண்ணீர் இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். என் விவாகரத்து முடிந்ததும் நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "வீடு உன்னுதும்மா, வா" என்றீர்கள். பெட்டிகளோடு வந்தேன். சமையலறை அலமாரியில் நான் வைத்த கோப்பைகள் மறுநாள் காலை மறுபடி பெட்டிக்குள் இருந்தன. கூடத்தில் வைத்த புத்தகங்கள் மாடிப்படியில் இருந்தன. நீங்கள் ஒரு தரம்கூடக் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, கதை சொல்லிக்கொண்டே எடுத்துவைத்தீர்கள். அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அது உட்கார்ற நாற்காலி இல்லம்மா" என்றீர்கள். உட்காருகிற நாற்காலி எது என்று சொல்லவில்லை. கடைசியில் அந்த வீட்டில் என் இடம் குளியலறை ஜன்னலின் விளிம்புதான். ஒரு பல் துலக்கி, ஒரு சீப்பு.

அதனால்தான் அந்தக் குளிரில் வண்டியை எடுத்தேன். நான் போனதை ஊரில் எப்படிச் சொன்னீர்கள் என்று பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பறந்து போனாள், விளக்கை ஒரு சுற்றுச் சுற்றினாள் என்று சொல்லியிருப்பீர்கள்.

லெனோரா


நனைமோ
டிசம்பர் 11

மாமா,

பதில் இல்லை. போன கடிதம் கடுமையானது. அதில் எதையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்கள் பக்கம் கடுங்குளிர், சில ஊர்களில் மின்சாரம் இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். தொட்டி எப்படி இருக்கிறது? மின்சாரம் போனால் போர்வையால் சுற்றி மூடுங்கள். உங்களுக்கும் ஒரு போர்வை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை. கிறிஸ்துமஸுக்குப் பல் மருத்துவமனைகளை மூடும்போது சாவியெல்லாம் என்னிடம்தான் இருக்கும். மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, ஆளில்லாத காத்திருப்பு அறையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். பழைய பத்திரிகையைப் புரட்டுவேன். யாரோ உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிடப் போகிற மாதிரி இருக்கும். அப்புறம் பூட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவேன்.

இரண்டு வரி எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் சரி.

லெனோரா


வேபர்ன்
டிசம்பர் 19

லெனோரா,

மின்சாரம் போகவில்லை. தொட்டி சூடாக இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

உன் நவம்பர் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே புளுகு தொடங்கி ஒரு காண்டாமிருகம் வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடி வந்தது.

யார்டு மாஸ்டர் தனியாக இருக்கிறான். முழுத் தொட்டியும் அவனுடையது. இந்தக் கோடிக்குப் போய்ப் பார்க்கிறான், திரும்பி அந்தக் கோடிக்குப் போய்ப் பார்க்கிறான். யாராவது வந்தால் விரட்டத்தான் அப்படிப் பார்க்கிறான் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி அங்கே யாரையும் விடவே முடியாதா? ஏதாவது வழி இருந்தால் எழுது.

மாமா


நனைமோ
ஜனவரி 2

மாமா,

வழி உண்டு. வேலை அதிகம்.

முதலில் அவனைப் பிடியுங்கள். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் பழக்கூடையில் போட்டு, மேலே மூடி, தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். அத்தையின் வடிகட்டியை எடுக்காதீர்கள், உப்பு அரித்துவிடும். அடுத்து கற்கள் அத்தனையையும் வெளியே எடுங்கள். காயவிடாமல் அதே தண்ணீரில் வாளிகளில் வையுங்கள். நீங்கள் இறாலை அழுகவிட்டுக் குடியேற்றிய ஜீவராசிகள் அந்தக் கல்லில்தான் இருக்கின்றன. பிறகு கற்களை முற்றிலும் வேறு விதமாக அடுக்குங்கள். அவன் காவல் காத்த பொந்து அங்கே இருக்கக் கூடாது.

அப்புறம் கோமாளி ஜோடியை விடுங்கள். அவர்கள் தங்கள் மூலையைத் தேர்ந்தெடுக்கட்டும். அவன் சில நாள் கூடைக்குள்ளிருந்து பார்க்கட்டும். கடைசியாக அவனைத் திறந்து விடுங்கள். அப்போது அவனும் புதியவன். எங்கே படுப்பது என்று தேடவே பொழுது போய்விடும், விரட்ட நேரம் இருக்காது.

எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். முரடன் முரடன்தான். ஆனால் "இந்த ஒரு கல் மட்டும் இங்கேயே இருக்கட்டும்" என்று விட்டுவைத்தால் நிச்சயம் பலிக்காது. நேரே அங்கே போய் நின்றுகொள்வான்.

காண்டாமிருகத்தைக் கிழித்திருக்க வேண்டாம்.

லெனோரா


வேபர்ன்
ஜனவரி 28

அன்பு மருமகளே,

உட்கார்ந்து படி. இது போர்ச் செய்தி.

யார்டு மாஸ்டரைப் பிடிக்க நானும் வேராவும் களத்தில் இறங்கினோம். என் கையில் வலை, அவள் கையில் டார்ச். வலை இந்தப் பக்கம் போனால் அவன் அந்தப் பக்கம் இருக்கிறான். இரண்டு பக்கமும் போனால் வலைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறான்.

"வலைக்குக் கிட்டவே வர மாட்டேங்கிறான், வேரா!"

"யாரப் பாத்துப் பழகினான்? டாக்டர் பேரச் சொன்னா நீ எந்தப் பக்கம் ஓடுறன்னு எனக்குத்தான் தெரியும்."

கடைசியில் கல்லையெல்லாம் எடுத்து, தண்ணீரை முழங்கை ஆழத்துக்கு இறக்கிய பிறகுதான் அகப்பட்டான். அதற்குள் சண்டையின் உக்கிரத்தில் எழுந்த அலை முன்வாசல் வழியாக வெளியேறி, தெருவில் உறைந்து, பிள்ளைகள் அதில் ஹாக்கி ஆடத் தொடங்கிவிட்டார்கள். என் சட்டைக் கையில் உப்புக் காய்ந்து நின்றது. சட்டையைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவைத்தேன். இன்னும் நிற்கிறது.

கல் விஷயம். எல்லாவற்றையும் எடுத்தேன். நடுவில் இருந்த வளைவுக் கல்லை விட்டுவைக்கலாமா என்று ஒரு சபலம். வெகு நேரம் அதன் மேல் கை வைத்தபடி நின்றேன். வேரா, "தண்ணி ஆறுது" என்றாள். எடுத்துவிட்டேன்.

வாளிகள் வைக்கத் தரையில் இடம் போதவில்லை. ஆகவே உன் அத்தையின் நாற்காலியை நகர்த்த வேண்டியதாயிற்று. அது நின்ற இடத்தில் கம்பளம் புதுசு போலச் சிவப்பாக இருக்கிறது. இவ்வளவு சிவப்பா வாங்கினோம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. எல்லாம் முடிந்து பார்த்தால், நாற்காலியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போது தொட்டிக்கு எதிரே நிற்கிறது. அசதியில் அதில் உட்கார்ந்தேன். ஒரு சத்தம் போடுகிறது. மற்றபடி உட்கார்கிற நாற்காலிதான்.

அந்த வேகத்திலேயே சமையலறை அலமாரியையும் காலி செய்துவிட்டேன். கோப்பை, கிண்ணம், கெட்டில் எல்லாம் மேசை மேல் இருக்கின்றன. எது எங்கே போக வேண்டும் என்று நான் முடிவு செய்யப் போவதில்லை. அன்றிலிருந்து சர்க்கரையைத் தேடுகிறேன். என் வீட்டிலேயே நான் வழி கேட்டு நடக்கிறேன், லெனோரா.

கோமாளி ஜோடி வலது மூலையைப் பிடித்துக்கொண்டது. பெரியவள்தான் வீட்டுத் தலைவி, கணவன் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு போகிறான். முந்தாநாள் யார்டு மாஸ்டரைத் திறந்துவிட்டேன். நேரே நடுவுக்குப் போனான். வளைவு இல்லை. அந்த வெற்று இடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு பொந்தாக எட்டிப் பார்த்து, யாருக்கும் வேண்டாத இடது கோடியில் ஒரு சந்துக்குள் போய்ப் படுத்தான். இன்று காலை கணவன் கோமாளியின் வாலில் ஒரு கடி. பெரியவள் திரும்பி ஒரு முறை முறைத்தாள். போய்விட்டான்.

வெண்டெல் மாமா


நனைமோ
பிப்ரவரி 11

மாமா,

ஒரு கடி பரவாயில்லை. வால் வளர்ந்துவிடும். மறுபடி மறுபடி கடித்தால்தான் கவலை.

நான் இருக்கும் வீட்டை விற்கிறார்கள். மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இது உங்களிடம் இடம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்பதால் இரண்டு கடிதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் வேறு அறை பார்க்கலாம். பார்க்கிறேன். ஆனால் நாலு கேள்வி.

கோப்பைகள் இன்னும் மேசையில்தானா? சர்க்கரை கிடைத்ததா? நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்க விடுவீர்களா? ரெஜைனாவில் பல் மருத்துவர்களின் காத்திருப்பு அறையில் மீன் தொட்டி இருக்குமா?

யோசித்து எழுதுங்கள். கதை வேண்டாம்.

லெனோரா


வேபர்ன்
பிப்ரவரி 20

அன்பு மருமகளே,

கதை வேண்டாம் என்றாய். ஒரு வாளித் தண்ணீரில் திமிங்கிலத்தை விட்ட மாதிரி இருக்கிறது எனக்கு. முயல்கிறேன்.

கோப்பைகள் மேசையில்தான். வேரா அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் பெரோகித் தட்டை வைக்கிறாள். "இது வீடா, சந்தைக்கடையா?" என்று கேட்டாள். "ஆள் வரணும்" என்றேன். சர்க்கரை கிடைக்கவில்லை. தேனில் குடிக்கிறேன். நீ வந்து கண்டுபிடித்தால், எங்கே இருந்ததோ அங்கே வைக்காதே. வேறு எங்காவது வை.

ரெஜைனாவில் கோதுமைக் கதிரைவிடப் பல் மருத்துவர்கள் அதிகம். மன்னித்துக்கொள், வந்துவிட்டது. டுவெய்னிடம் கேட்டேன். மூன்று பேரைச் சொன்னார். ஒருவர் தொட்டியில் பச்சைப் பாசி பிடித்து மீன் எங்கே என்றே தெரியவில்லையாம்.

வாக்கியம். முடிக்க விடுவேனா என்று தெரியவில்லை. முரடன் முரடன்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். வாலில் ஒரு கடி இருக்கும். அப்போது நீ திரும்பி ஒரு முறை முறை. பெரியவள் அப்படித்தான் செய்கிறாள். பலிக்கிறது.

மலைப் பாதையில் பனி குறைந்த பிறகு புறப்படு. பெட்டிகளை முதலில் நீ இறக்கு. எங்கே வேண்டுமோ அங்கே வை. நான் வாசலில் நிற்கிறேன். நீ வைத்து முடித்ததும் கூப்பிடு, உள்ளே வருகிறேன்.

இதுவரை எழுதியதற்கெல்லாம் கணக்குத் தீர்த்துவிடுகிறேன். மானிட்டோபாவில் மாடு விழவில்லை. கடற்புறா வரவில்லை. பீரங்கியும் இல்லை, வேராவும் நானும் ஒரு மண்வெட்டியும்தான். வாளியில் மீன் அழவில்லை. தெருவில் ஹாக்கி நடந்தது, ஆனால் அது என் கடலில் இல்லை. ரெஜைனாவில் நூறு தொட்டியும் கிடையாது, எட்டோ ஒன்பதோ. சுறா நான் போட்டது. மீன் பேசவில்லை. தொப்பிக்குள் குதிக்கவும் இல்லை, அன்று நான் தொப்பியே போட்டுப் போகவில்லை.

ஆனால் அந்தக் கடையில் நான் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தேன். எல்லா மீனும் விலகிப் போயின. அது ஒன்று மட்டும் கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்த்தது. அது மட்டும் நடந்தது.

மாமா